கூட யார் வந்திருக்கிறார்கள்?



கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் இடத்தில் பெயர், வயது, ஊர் கேட்பார்கள். கண்ணைச் சோதித்துப் பார்த்து, புரை முற்றியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்று முடிவானதும் அடுத்த கேள்வி வரும்: "கூட யாரு வந்திருக்கா?" அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கண் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலம் முழுவதும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். தேவையான கேள்விதான். ஆபரேஷன் முடிந்தவரைத் தனியாகப் பஸ் ஏற்றி அனுப்ப முடியாது. மருந்து எப்படி விடவேண்டும் என்று சொன்னால் கேட்டுக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். கண் வலித்தாலோ சிவந்தாலோ திரும்ப அழைத்து வர ஓர் ஆள் வேண்டும்.

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதவர்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். தேனி பென்னிகுயிக் பேருந்து நிலையத்திலும், கம்பம், சின்னமனூர், போடி பஸ் நிலையங்களிலும், வீரபாண்டியில் முல்லைப் பெரியாற்றங்கரையிலும், குச்சனூர் சனீஸ்வரன் கோயிலைச் சுற்றியும் இரவில் துண்டை விரித்துப் படுக்கிறவர்கள். அவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவர்கள் கண்ணை உற்றுப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு.

வீடற்றவர் என்றதும் சென்னையின் பிளாட்பாரங்கள்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அங்கே ஒரே தெருவில் பல குடும்பங்கள் சேர்ந்திருக்கும், அதனால் கண்ணில் படும். நம் பள்ளத்தாக்கு அப்படிப்பட்டதல்ல. தேனியிலிருந்து குமுளி வரை ஒரே சாலையில் கோத்த மாதிரி சின்னச் சின்ன ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் நாலு பேர், ஐந்து பேர், பத்துப் பேர். 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒரு லட்சம் நகர மக்களுக்கு நூறு பேர் தங்கும் அளவுக்கு இரவுக் காப்பகம் வேண்டும் என்று அளவு வைத்தது. 2011 கணக்கெடுப்பில் தேனி அல்லிநகரம் நகராட்சியின் மக்கள்தொகை 94 ஆயிரத்துச் சொச்சம். போடி 75 ஆயிரம், கம்பம் 68 ஆயிரம். தனித்தனியாகப் பார்த்தால் ஓர் ஊரும் லட்சத்தைத் தொடவில்லை. மூன்றையும் கூட்டினால் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

அதே 2011 கணக்கெடுப்பில், பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு நாடு முழுவதும் வீடற்றவர்களை எண்ணினார்கள். ஏறத்தாழ 17 லட்சத்து 73 ஆயிரம் பேர் என்று கணக்கு வந்தது. ஒரே இரவில் எடுத்த கணக்கு அது. நம் ஊரில் இந்த மனிதர்கள் பருவத்துக்கு ஓர் இடமாக இருப்பவர்கள். சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் சுருளி. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் போகும் கம்பம், குமுளிப் பாதை. சோறும் சில்லறையும் எங்கே கிடைக்குமோ அங்கே போகிறார்கள். சித்திரையில் வீரபாண்டியில் பார்த்த ஒரு கண்ணை ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும் என்றால், அந்த ஆள் அப்போது எந்த ஊரில் இருப்பார் என்று தெரிந்திருக்க வேண்டும்.

வீரபாண்டியைச் சொன்னதால் அந்த ஊரின் தலபுராணத்தையும் சொல்லிவிடுகிறேன். கண்ணிழந்த பாண்டிய மன்னன் ஒருவன் இந்தக் காட்டுக்கு வந்து, கௌமாரியம்மனையும் கண்ணீஸ்வரமுடையாரையும் வழிபட்டுப் பார்வை பெற்றான் என்பது கதை. இன்றும் திருவிழாவில் தீச்சட்டியோடு ஆயிரங்கண் பானையும் எடுக்கிறார்கள். கண்ணுக்காக நேர்ந்துகொள்ளும் இந்த மண்ணில் கண் வைத்தியத்துக்கு மக்களிடம் மதிப்பு எப்போதும் உண்டு. 1985-லேயே தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை வந்துவிட்டது. மதுரைக்கு அடுத்து அவர்கள் தொடங்கிய ஊர் நம் ஊர்தான். ஆகவே, டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை என்று நாம் சொல்ல முடியாது. இலவச ஆபரேஷன் உண்டு, முகாம் உண்டு, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக பஸ் உண்டு. அப்படியிருந்தும் பஸ் நிலையத்தில் படுத்திருக்கும் பெரியவரின் கண்மணி பால்போல வெளுத்திருக்கிறதே, ஏன்?

எப்படி அங்கே வந்து சேர்ந்தார் என்று கேட்டால் பாதி பதில் கிடைக்கும். நான் பேசிப் பார்த்த முதியவர்களில் பலர் மலைக்கு வேலைக்குப் போனவர்கள். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி, போடிமெட்டு வழியாகவோ கம்பம்மெட்டு வழியாகவோ ஏலத்தோட்டத்துக்குப் போய் இருட்டும் நேரத்தில் திரும்புகிற கூட்டம் இன்றும் நம் ஊர்களில் உண்டு. சிலர் தோட்டத்திலேயே லயத்தில் தங்கிவிடுவார்கள். வேலை இருக்கும் வரைதான் அந்த லயம். ஏலக்காய் எடுப்பது கண்ணை நம்பிய வேலை. செடியின் அடியில், நிழலில், பழுத்த காயையும் பிஞ்சையும் பிரித்துப் பறிக்கவேண்டும். போடியில் காய் தெரிந்தெடுக்கும் பெண்களுக்கும் அப்படித்தான்: நிறம் பார்க்கணும், பருமன் பார்க்கணும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து. ஐம்பதைத் தாண்டினால் புரை தொடங்குகிறது. கூலி குறைகிறது. கங்காணி கூப்பிடுவதை நிறுத்துகிறார்.

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2018-ல் வெளிவந்தது. நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்குக் வெள்ளெழுத்துக்கான கண்ணாடி கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு அப்போது கொடுக்கவில்லை. கண்ணாடி போட்டவர்கள் பறித்த இலை மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இருந்தது. ஒரு சாதாரண படிக்கும் கண்ணாடி செய்த வேலை அது. இதைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி இல்லாததால் நம் மலைத்தோட்டங்களில் எத்தனை பேர் கூலி இழந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் பிள்ளைகளுக்குப் பாரமாகி, ஒருநாள் கோவித்துக்கொண்டு பஸ் ஏறினார்கள்? வீடில்லாததால் கண் கெடுகிறது என்று மட்டும் நினைக்கிறோம். கண் கெட்டதால் வீடு போனவர்களும் இருக்கிறார்கள்.

சின்னமனூரில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "கண்ணு தெரிஞ்ச வரைக்கும் மகன் வீடு தாயி. தெரியலன்ன பெறகு மருமக வீடு." அவர் யாரையும் திட்டவில்லை. மகன் பேரைச் சொல்லுங்கள், பேசிப் பார்க்கிறேன் என்றேன். கடைசிவரை சொல்லவில்லை. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே வந்துவிட்டது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். உத்தமபாளையத்திலும் பெரியகுளத்திலும் கோட்டாட்சியர் அலுவலகம் இருக்கிறது. ஆனால் பெற்ற பிள்ளை மேல் மனு எழுதிக்கொடுக்க மனம் வரவேண்டுமே.

நம் அரசுத் திட்டங்களின் அமைப்பைச் சற்றுப் பார்ப்போம். 2015-க்கும் 2019-க்கும் இடையே தேசிய அளவில் ஒரு பார்வையிழப்பு ஆய்வு நடந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்பில் மூன்றில் இரண்டு பங்கு கண்புரையால் வருவது என்று அது சொன்னது. நல்ல ஆய்வு. ஆனால் இத்தகைய ஆய்வுகள் எல்லாமே வீடு வீடாகப் போய் எடுப்பவை. கோயில் மண்டபத்தில் படுத்திருப்பவர் எந்தக் கதவு எண்ணிலும் வரமாட்டார். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வாசலுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறது. அந்தத் திட்டத்தால் எத்தனையோ பேருடைய கண் காப்பாற்றப்படும், ஏனென்றால் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் விழித்திரை தப்பிக்கும். அதற்கும் ஒரு வாசல் வேண்டியிருக்கிறது.

பழைய கதை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். 1970-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இரண்டு திட்டங்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தன. ஒன்று இரவலர் மறுவாழ்வுத் திட்டம். மற்றொன்று கண்ணொளி வழங்கும் திட்டம். முன்னது பிச்சையெடுப்பவர்களுக்குத் தங்குமிடமும் தொழிலும் தர முயன்றது. பின்னது ஊர் ஊராக இலவசக் கண் முகாம் நடத்தியது. இரண்டும் அரசின் அக்கறையில் பிறந்தவை. இரண்டுக்கும் நடுவே நிற்கிறவர், அதாவது கண் தெரியாததால் கையேந்துகிறவர், எந்தத் துறையின் ஆள் என்பதற்கு மட்டும் இன்றுவரை தெளிவான பதில் இல்லை. சமூக நலத் துறையைக் கேட்டால் சுகாதாரத் துறை என்பார்கள். அங்கே கேட்டால் நகராட்சி என்பார்கள்.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமியைப் பற்றி இந்த அவைக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையில் கண் அறுவைக் கத்தியைப் பிடிக்கப் பழகியவர். 1976-ல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, மதுரையில் பதினொரு படுக்கையோடு அரவிந்தைத் தொடங்கியவர். அவர் வழியில் வந்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச விரும்புகிறேன். வீடற்றவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு எனக்குத் தெரியவில்லை.

அந்தக் காலத்துப் புரை ஆபரேஷனை ஞாபகம் வைத்திருப்பவர்கள் இங்கே இருப்பீர்கள். புரை பிடித்த லென்ஸை எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக உள்ளே எதையும் வைக்கமாட்டார்கள். சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். பத்துப் பவர். அதைப் போட்டால் பார்க்கிற பொருளெல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும், பக்கவாட்டில் தெரியாது, படியிறங்கத் தடுமாறும். ஆனாலும் பார்வை வந்துவிடும். வீட்டில் இருப்பவருக்கு அது போதும். இரவில் கழற்றி மாடக்குழியில் வைப்பார், காலையில் எடுத்துப் போட்டுக்கொள்வார். தெருவில் படுப்பவர் அதை எங்கே கழற்றி வைப்பார்? தலைமாட்டில் வைத்தால் மிதிபடும், மடியில் வைத்தால் உடையும், திருட்டும் போகும். கண்ணாடி போன அந்த நிமிடமே ஆபரேஷனுக்கு முந்திய குருட்டு நிலைக்கே அவர் திரும்பிவிடுவார். இன்னொரு கண்ணாடி வாங்கக் காசு இருக்காது. இப்படி ஆபரேஷன் நல்லபடி முடிந்தும் குருடாகவே வாழ்ந்தவர்களைப் பணியில் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன்.

கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸ் வெளிநாட்டில் இருந்தது. இறக்குமதி செய்தால் ஏழை நோயாளிக்குக் கட்டுப்படியாகாது. 1992-ல் அரவிந்த் மருத்துவமனையார் மதுரையில் ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, அதே லென்ஸை அந்த விலையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்குச் செய்து கொடுத்தார்கள். இலவச முகாமில் வந்தவருக்கும் உள்ளே லென்ஸ் வைக்க முடிந்தது. தையல் போடாமல் தானே மூடிக்கொள்ளும் சிறு கீறல் முறையும் வந்தது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் விலை குறைந்ததைப் பாராட்டுவார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. உள்ளே வைத்த லென்ஸைத் தொலைக்க முடியாது, யாரும் திருடவும் முடியாது. உடைமை என்று ஒரு பையைத் தவிர ஏதும் இல்லாத மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் எதைச் சொல்வது!

ஆனால் அந்த லென்ஸ் கண்ணில் நிலைத்து நிற்க ஏறக்குறைய நாற்பது நாள் வேண்டும். நம் தோல்வி முழுவதும் அந்த நாற்பது நாளில்தான் இருக்கிறது.

என்னென்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன். முதல் வாரம் நாளைக்கு ஆறு முறை, எட்டு முறை சொட்டு மருந்து. பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்து, ஆறு வாரம் வரை. மருந்து விடும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பாட்டில் நுனி இமையில் படக்கூடாது. கீழ் இமையை இழுத்துப் பிடித்து ஒரு சொட்டு விட்டு, கண்ணை மூடி இருக்கவேண்டும். தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணில் தூசி, புகை, அழுக்குத் தண்ணீர் படக் கூடாது. குனிந்து பாரம் தூக்கக் கூடாது. இரவில் கண்ணைக் கசக்காமலிருக்கப் பிளாஸ்டிக் மூடி போட்டுத் தூங்கவேண்டும். குறித்த நாளில் மறுபடி வந்து காட்டவேண்டும்.

இதை ஒவ்வொன்றாக பஸ் நிலையத்தில் வைத்துப் பாருங்கள். கை கழுவ ஓடும் தண்ணீர் கட்டணக் கழிப்பறையில்தான். நாளைக்கு எட்டு முறை உள்ளே போக எட்டு முறை காசு. பஸ் வந்து திரும்பும்போதெல்லாம் புழுதி. பக்கத்தில் டீக்கடை அடுப்பு. ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மறுநாளே வேறொருவர் போட்டிருப்பார். மருந்துப் பாட்டில் பையோடு போய்விடும். சாயங்காலம் வாட்ச்மேன் வந்து "எந்திரி, எந்திரி" என்றால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எழுந்துதான் ஆகவேண்டும். பாரம் தூக்காதே என்று சீட்டில் எழுதியிருப்பது வாட்ச்மேனுக்குத் தெரியாது. வயதானவருக்குக் கை நடுங்கும். தன் கண்ணில் தானே சரியாகச் சொட்டு விட நல்ல கண் உள்ளவர்களே தடுமாறுகிறார்கள். ஐந்து சொட்டில் ஒன்று உள்ளே போனால் அதிர்ஷ்டம். மற்றதெல்லாம் கன்னத்தில் வழியும்.

இதை அறிந்துதான் டாக்டர்கள் தயங்குகிறார்கள். கண்ணுக்குள் சீழ் பிடித்தால் பார்வையே போய்விடும், சில நேரம் கண்ணையே எடுக்கவேண்டி வரும். "ஆள் இல்லாமல் செய்யமாட்டோம்" என்று ஓர் ஆஸ்பத்திரி சொன்னால் அதில் பயமும் பொறுப்பும் கலந்திருக்கிறது. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்தப் பயத்தைப் பாதியாகக் குறைக்கும் ஒரு செய்தி நம் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. அரவிந்த் மருத்துவமனைகளில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட புரை ஆபரேஷன்களை ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆபரேஷன் முடிவில் கண்ணுக்குள்ளேயே மாக்ஸிஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்தைச் செலுத்தினால், சீழ் பிடிப்பது பத்தாயிரத்தில் ஏழு என்பதிலிருந்து பத்தாயிரத்தில் இரண்டு என்று குறைகிறது என்பது அதன் முடிவு. எல்லா நோயாளிக்கும் நல்லதுதான். ஆனால் மேசையை விட்டு எழுந்ததும் நேரே புழுதிக்குப் போகப்போகிற நோயாளிக்கு இது பல மடங்கு பெரிது. முக்கியமான மருந்து அவர் எழுந்திருப்பதற்கு முன்பே உள்ளே போய்விடுகிறது. வீக்கத்துக்கான மருந்தை மட்டும் இன்னும் வெளியிலிருந்துதான் விடவேண்டியிருக்கிறது. அதற்கொரு கை வேண்டும்.

புரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். கருவிழிப் புண்ணைச் சொல்லாமல் விடக் கூடாது. நெல் அறுப்பில், கரும்பு வெட்டில், சோளத்தட்டை கட்டும்போது கண்ணில் கீறல் படும். அதில் பூஞ்சைக் காளான் இறங்கும். 1996-ல் வெளியான ஓர் ஆய்வின்படி மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 113 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. அமெரிக்காவில் ஒரு பகுதியில் பார்த்ததைவிடப் பத்து மடங்கு. அப்போது நம் தேனி தனி மாவட்டமாகவில்லை, 1997-ல்தான் பிரிந்தது. ஆகவே அந்தக் கணக்கில் நாமும் இருக்கிறோம். கீறல் பட்ட அன்றோ மறுநாளோ களிம்பு போட்டால் புண்ணாகாமலே ஆறிவிடும். கிராமங்களில் பயிற்சி பெற்ற பணியாளர்களை வைத்துக் களிம்பு போட்டுப் பார்த்தும் இது நிரூபணமாகியிருக்கிறது. ஆனால் தெருவில் இருப்பவர் என்ன செய்கிறார்? நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுகிறார், விளக்கெண்ணெய் விடுகிறார், யாரிடமோ தாய்ப்பால் கேட்கிறார். ஒரு வாரத்தில் கண்ணில் பூ விழுந்துவிடுகிறது. புரை போல இதை லென்ஸ் வைத்துச் சரிசெய்ய முடியாது. கருவிழி தானம் கிடைக்கவேண்டும். மாற்றிவைத்த கருவிழிக்கு மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மருந்து விடவேண்டும். நாற்பது நாளுக்கே வழியில்லாதவருக்கு அது எட்டாத தூரம். கண் பிரஷருக்கும் இதே நிலைதான், ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து.

மற்ற நாடுகளிலும் இது உண்டு. கனடாவின் டொராண்டோ நகரில் இரவுக் காப்பகங்களில் தங்கியிருந்தவர்களைச் சோதித்தபோது ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பார்வைக் குறைபாடு இருந்தது என்று 2015-ல் எழுதினார்கள். லண்டனில் வீடற்றவர்களுக்காகவே கண் பரிசோதனை செய்து, அங்கேயே கண்ணாடி கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று இருபது ஆண்டுகளாக இயங்குகிறது. அவர்கள் நாட்டில் பெரும்பாலும் கண்ணாடியோடு முடியும் பிரச்சினை அது. நமக்கு அறுவை அறைவரை போகிறது. ஆனால் ஒரு பாடம் பொதுவானது. வீடற்றவர் இருக்கும் இடத்துக்கு, அவர் சாப்பிடும் நேரத்துக்கு, கண் பரிசோதகர் போகிறார்.

நம் பக்கத்திலும் அரவிந்த் மருத்துவமனையார் அந்தத் திசையில் ஓரடி எடுத்துவைத்திருக்கிறார்கள். முகாம் நடத்திய ஊர்களிலேயே, கண்ணில் குறை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர்தான் முகாமுக்கு வந்தார்கள் என்று 1999-ல் வெளியான ஆய்வு சொன்னது. முகாம் மட்டும் போதாது என்று தெரிந்த பிறகு, ஊர் ஊராக நிரந்தரக் கண் பார்வை மையங்கள் தொடங்கினார்கள். ஆண்டிபட்டி, போடி, சின்னமனூர், பெரியகுளம் மையங்களைத் தேனி மருத்துவமனையோடு வைஃபை வழியாக இணைத்தபோது, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் அந்தத் தொழில்நுட்பத்தை அமைத்துக் கொடுத்தார்கள். போடியில் உட்கார்ந்திருக்கும் நோயாளியைத் தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் பார்த்துப் பேசினார். உலகம் முழுக்க எழுதப்பட்ட முயற்சி அது. இவ்வளவு தூரம் வந்தவர்கள் இன்னும் நூறு அடி நடந்தால் பஸ் நிலையம்.

ஆனால் நாம் போய் நின்றால் அவர்கள் வருவார்களா? வரமாட்டார்கள், ஓடுவார்கள். 1945-ஆம் ஆண்டின் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள் என்ற பயம் தலைமுறையாக இருக்கிறது. கண் முகாமுக்கு ஆள் ஏற்ற வரும் வேனும் வேன்தான். வீரபாண்டியில் ஓர் ஆத்தா என் கையை உதறிவிட்டு, "எனக்கு ஒத்தக் கண்ணு போதும், எங்கேயும் வரமாட்டேன்" என்றாள். மறுவாரம் போனேன், பேசவில்லை. அதற்கடுத்த வாரம் அவளுடைய தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அன்னதானச் சோறு சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் டார்ச் அடித்துக் கண்ணைப் பார்க்க விட்டாள். ஒத்தக் கண் என்று அவள் சொன்னதிலும் புரை பாதி ஏறியிருந்தது.

மனநலம் பாதித்து வீடிழந்தவர்களின் கண் இன்னும் சிக்கலானது. அவர்களுக்கான அவசர சிகிச்சை மற்றும் மீட்பு மையம் தமிழ்நாட்டில் முதலில் வந்த சில மாவட்டங்களில் தேனியும் ஒன்று. பெருமைப்பட வேண்டிய விஷயம். அப்படிப்பட்டவர்களைச் சோதிக்கப் போகும் கண் பரிசோதகர்கள் ஒன்றை மனதில் வைக்கவேண்டும். வேறோர் ஊரில், ஒரு காப்பகத்தில், ஒரு பெண் சாப்பிட மறுக்கிறாள், தட்டைத் தள்ளிவிடுகிறாள், மருந்து கூட்டவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தி பேசும் பெண், அவளோடு பேசவும் ஆள் இல்லை. நான் கையை முகத்துக்கு நேரே அசைத்தேன். இமை கொட்டவில்லை. டார்ச் அடித்தபோது மட்டும் முகத்தைத் திருப்பினாள். இரண்டு கண்ணிலும் முற்றிய புரை. தட்டு முன்னால் வைக்கப்பட்டதே அவளுக்குத் தெரியாது. ஏதோ ஒன்று மேலே இடிக்கிறது என்று தள்ளியிருக்கிறாள். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்த பிறகு கையைக் காட்டி ரொட்டி கேட்டாள். பிறகுதான் ஊர்ப்பெயரும் சொன்னாள். மனநல மருந்துகள் சிலவற்றைப் பல ஆண்டு சாப்பிட்டால் கண்ணிலும் மாற்றம் வரலாம். ஆகவே அந்த மீட்பு மையங்களில் மாதம் ஒருமுறை கண் பார்ப்பது வழக்கமாகவே ஆகவேண்டும்.

இனி செய்யவேண்டியதற்கு வருகிறேன். பெரிய கட்டடம் எதுவும் கேட்க வரவில்லை.

கோயில்களில் மதிய அன்னதானத் திட்டம் 2002-லிருந்து நடக்கிறது. வீடற்றவர் எந்த ஊரில் இருந்தாலும், பகல் பன்னிரண்டு மணிக்குச் சோறு போடும் கோயிலில் இருப்பார். கண் பரிசோதனையை அந்தப் பந்தியில் வைக்கவேண்டும். வேன் வேண்டாம், பேனர் வேண்டாம். ஒரு டார்ச், ஒரு ஈ எழுத்து அட்டை, ஒரு பை நிறையப் படிக்கும் கண்ணாடி. வாரா வாரம் அதே ஆள் போகவேண்டும், புதுப்புது ஆள் போகக் கூடாது. அட்டையில் முகவரி என்ற இடத்தில் வீடு எழுத முடியாது. அதற்குப் பதிலாக, எந்த மாதம் எந்தக் கோயில் என்று எழுதவேண்டும். ஆடியில் குச்சனூர், தையில் சுருளி என்று அவர்களே சொல்வார்கள். மறுபரிசோதனை நாளை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, நாற்பது நாளுக்கான கட்டில். ஆஸ்பத்திரிக்கு நடந்துபோகும் தூரத்தில், தண்ணீர்க் குழாயோடு ஒரு வாடகை வீடு. ஆறு கட்டில் போதும். ஆபரேஷன் முடிந்தவர் ஆறு வாரம் அங்கே இருக்கட்டும். சொட்டு விட ஓர் ஆள். அந்த வேலைக்குப் படிப்பு வேண்டாம். முன்பு ஆபரேஷன் ஆகிப் பார்வை பெற்ற ஒருவரையே சம்பளத்துக்கு வைக்கலாம். தெருவில் இருந்தவர் பேச்சைத் தெருவில் இருப்பவர் கேட்பார். ஆஸ்பத்திரிகள் கேட்கும் கேள்விக்கு அந்த வீட்டின் பெயரும் போன் நம்பரும் பதிலாக இருக்கும். ஆபரேஷன் செய்யத் தயங்குகிற டாக்டருக்கு அதுவே போதுமான உறுதி. அந்த ஆறு வாரத்தில் ஆதார், முதியோர் உதவித்தொகை, மாற்றுத் திறனாளிச் சான்று இவற்றுக்கும் விண்ணப்பித்துவிடலாம். ஓர் இடத்தில் ஆறு வாரம் இருந்தாலே பல தாள்கள் நகரும்.

மூன்றாவது, யார் பொறுப்பு என்ற கேள்வி. தேனி, போடி, கம்பம், சின்னமனூர், கூடலூர், பெரியகுளம் நகராட்சிகள் சேர்ந்து கணக்கெடுத்தால்தான் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரியும். அதுவும் ஒரே இரவில் எடுக்கக் கூடாது. சித்திரையில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை, மார்கழியில் ஒரு முறை எடுக்கவேண்டும். இந்தக் கல்லூரியின் சமூகப்பணித் துறை மாணவர்கள் அதைச் செய்ய முடியும். துறைத் தலைவரிடம் பேசியிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார்.

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் இந்த மேடையிலேயே ஒன்று கேட்கிறேன். வாடகை, சாப்பாடு, ஓர் ஆளின் சம்பளம், மருந்து என்று ஆறு கட்டிலுக்கு ஓராண்டுக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் உங்களிடம் தருகிறேன். முதல் ஆண்டை நீங்கள் ஏற்றுக்கொண்டால், இரண்டாம் ஆண்டுக்கு நகராட்சிகளிடம் கேட்க எங்களுக்கு வாய் இருக்கும். மேற்கிலிருந்து சாரல் இறங்கும் முன், ஆனி மாதத்துக்குள் வீடு பார்த்துவிட்டால் நல்லது. ஆடிச் சனிக்கிழமைக்குக் குச்சனூர் வருகிறவர்களில் முதல் ஆறு பேரை அங்கே கொண்டுவந்துவிடலாம்.